சூதக வலி தலைவிதியன்று!

(தோட்டக் கிளையின் மாதர் கூட்டத்தில் கிளைச் செயலாளர் ஆற்றிய உரை)



மாதவிலக்கு வலியைப் பற்றி ஓர் ஆண்பிள்ளை மேடையில் பேசலாமா என்று சிலர் முகம் சுளிக்கலாம். நான் செக்ரோல் எழுதும் கிராணி. என் பேனாவினால் நேர்ந்த ஒரு தவற்றைச் சொன்னால், நான் பேச வந்த காரணம் உங்களுக்கு விளங்கிவிடும்.

முன்பு நான் வேலை பார்த்த தோட்டத்தில் ஒரு சகோதரி பால் வெட்டினார். அவர் வெட்டிய மரத்தில் காயம் காண முடியாது. ஆனால் மாதந்தோறும் இரண்டு நாள் பெரட்டுக்கு வரமாட்டார். நானும் 'ஆப்செண்ட்' என்று எழுதிக்கொண்டே வந்தேன். ஒரு சம்பள நாளன்று, "என்னக்கா, மாசா மாசம் ரெண்டு நாள் நின்னுட்டா எப்படி?" என்று கேட்டேன். "வயித்து வலிங்க, கிராணி ஐயா" என்று தலை குனிந்தபடி சொல்லிவிட்டுப் போய்விட்டார். வீட்டில் இதைச் சொன்னபோது என் மனைவி, "அது என்ன வலின்னு தெரியாமலா எழுதினீங்க?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. சில மாதங்களில் அந்தச் சகோதரி வேலையை விட்டே போய்விட்டார்.

தோழர்களே! அவர் சோம்பேறியல்லர். விலக்கு நாளில் கருப்பையின் உட்சவ்வில் புரோஸ்டகிளாண்டின் என்னும் பொருள் உண்டாகிறது. அது கருப்பையை இறுக்கிப் பிழிகிறது. அப்போது அந்தத் தசைக்குப் போகும் இரத்தம் குறைந்து வலி எழுகிறது. அது மிஞ்சினால் வாந்தியும் பேதியும் சேர்ந்து வரும். இந்த நிலையில் விடியுமுன் எழுந்து, மரத்துக்கு மரம் குனிந்து நிமிர்ந்து, பால் வாளி சுமக்க யாரால் முடியும்?

இதற்கு மருந்து உண்டு. ஆஸ்பிரின் இந்தப் பொருள் உண்டாவதையே தடுக்கிறது என்று ஜான் வேன் என்ற ஆங்கில விஞ்ஞானி 1971-இல் கண்டறிந்தார். 1982-இல் நோபல் பரிசில் பங்கும் பெற்றார். இப்புரூஃபென், மெஃபனமிக் அமிலம் ஆகிய மாத்திரைகளும் அவ்வாறே வேலை செய்கின்றன. ஆகவே வலி முற்றும் வரை காத்திராமல், வலியோ உதிரப்போக்கோ தொடங்கியவுடன், சாப்பாட்டுக்குப் பின், மருத்துவர் சொன்ன அளவில் இரண்டு மூன்று நாள் உண்ணுங்கள். குடற்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்களும், கர்ப்பமோ என்று ஐயமுள்ளவர்களும் மருத்துவரைக் கேளாமல் உண்ணலாகாது. அடிவயிற்றில் சுடுநீர்ப் பை வைப்பதும் வலியைத் தணிக்கும். பாட்டியின் இஞ்சிக் கஷாயத்தை நான் பழிக்கவில்லை. அதோடு நின்றுவிட வேண்டாம் என்கிறேன்.

வருடத்துக்கு வருடம் வலி ஏறினாலும், விலக்கில்லாத நாளிலும் வலித்தாலும், உதிரம் கட்டி கட்டியாகப் போனாலும், மாத்திரைக்கு அடங்காவிட்டாலும் உள்ளே வேறு நோய் இருக்கலாம். கருப்பையின் உட்சவ்வைப் போன்ற சதை வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் அவற்றுள் ஒன்று. பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் 100-க்குச் சுமார் 10 பேருக்கு இது உண்டென்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. "கல்யாணமானால் சரியாகிவிடும்" என்று சொல்லி ஒரு பெண்ணை வருடக்கணக்கில் துடிக்க விடுவது கொடுமை.

இனிச் சட்டத்துக்கு வருகிறேன். விலக்கு நாளுக்கென ஜப்பான் 1947-இலும் இந்தோனேசியா 1948-இலும் சட்டத்தில் விடுப்பு எழுதின. நமது 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் அப்படித் தனி விடுப்பு இல்லை. ஆனால் சம்பளத்துடன் நோய் விடுப்பு உண்டு: சேவை 2 வருடத்துக்குக் குறைவானால் வருடத்துக்கு 14 நாள், 2 முதல் 5 வருடத்துக்குள் 18 நாள், 5 வருடமும் அதற்கு மேலும் 22 நாள். வேலை செய்ய முடியாத அளவுக்கு வலித்தால், தோட்டம் நியமித்த மருத்துவரிடம் போங்கள். அவர் கிடைக்காவிட்டால் அரசாங்க மருத்துவரிடம் போங்கள். எம்.சி. வாங்கி, 48 மணி நேரத்துக்குள் ஆபீசுக்குத் தெரிவியுங்கள். தெரிவிக்காவிட்டால் எம்.சி. இருந்தும் அது அனுமதியில்லா விடுப்பாகிவிடும். அந்தச் சகோதரி சம்பளம் இழந்தது வலியால் மட்டுமன்று. அவருடைய மௌனத்தாலும், கேட்கத் தெரியாத என் அறியாமையாலுந்தான்.

ஆகவே கிளையின் சார்பில் மூன்று கேட்கிறேன். தோட்டத்து மருந்தகத்தில் இந்த மாத்திரைகளும் சுடுநீர்ப் பையும் எப்போதும் இருக்க வேண்டும். ஆணிடம் சொல்லக் கூசும் பெண்கள் சொல்லிக்கொள்ள, மாதர் கமிட்டியில் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். பெரட்டில் எந்த ஆணும் இதைக் கேலி பேசலாகாது.

என் பங்குக்கு நான் ஒன்று சொல்கிறேன். இனி மாதந்தோறும் இரண்டு நாள் வராத பெண்ணின் பெயருக்கு நேரே பேனா வைக்குமுன், மாதர் கமிட்டியை விசாரித்துவிட்டுத்தான் எழுதுவேன். மற்றத் தோட்டத்துக் கிராணிமார்களும் அவ்வாறே செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.