கைக்கு வருமுன் பறிபோகும் ஊதியம்

(முறைசாராத் தொழிலாளர் சங்க ஊழியர்களுக்கான வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



மாதக் கடைசியில் கைமாற்று வாங்குவது உழைப்பாளிக் குடும்பங்களுக்குப் புதிதல்ல. மளிகைக் கடைப் பற்று, மேஸ்திரி தரும் முன்பணம், அடகுக் கடை, மீட்டர் வட்டி என்று அதற்குப் பல முகங்கள் உண்டு. இன்று அந்த வரிசையில் கைபேசிச் செயலியும் சேர்ந்திருக்கிறது. ஆதார் எண், பான் எண், ஒரு செல்ஃபி கொடுத்தால் சில நிமிடங்களில் பணம் வருகிறது. பழைய வட்டிக்காரர் வாசலுக்கு வந்து கேட்டாக வேண்டும். தொழிலாளி அரிசிக்கு எடுத்து வைத்துவிட்டு மீதியைத் தரலாம், நாளை வரச் சொல்லலாம். செயலியோ ஊதியம் வந்து விழும் கணக்கிலேயே கை வைத்துக்கொண்டு காத்திருக்கிறது. வீட்டு வாடகைக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் முன்னதாக அதன் பங்கு போய்விடுகிறது.

இதைத் தனிநபரின் ஊதாரித்தனம் என்று ஒதுக்கும் போக்கு சங்கங்களுக்குள்ளும் இருக்கிறது. கூலி உயர்வும் போனசும் சங்க வேலை, கடன் அவரவர் பாடு என்பது அந்த வாதம். போராடிப் பெற்ற கூலி தொழிலாளியின் கைக்கு வருமுன்பே வேறொருவர் கணக்குக்குப் போகிறதென்றால், அதைக் கூலிப் பிரச்சினை என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

கணக்கைப் பாருங்கள். 5,000 ரூபாய் கடன் என்று செயலி காட்டுகிறது. 'செயலாக்கக் கட்டணம்' என்று 2,000 பிடித்துக்கொண்டு 3,000 ரூபாயைக் கணக்கில் போடுகிறது. ஏழாம் நாள் 5,000 திருப்பிக் கட்ட வேண்டும். ஒரு வாரத்துக்கு வட்டி ஏறத்தாழ 67 சதவீதம். ஆண்டுக்குக் கணக்கிட்டால் 3,400 சதவீதத்தைத் தாண்டுகிறது. மீட்டர் வட்டிக்காரர்கூட வெட்கப்படும் விகிதம் இது. இவ்வகைச் செயலிகள் பெரும்பாலும் சட்டவிரோதமானவை. ரிசர்வ் வங்கியின் பணிக்குழு 2021 தொடக்கத்தில் ஆய்வு செய்தபோது ஏறத்தாழ 1,100 கடன் செயலிகள் புழக்கத்தில் இருந்தன. அவற்றில் 600 சட்டவிரோதமானவை என்று அது கண்டறிந்தது. அதற்குச் சில மாதங்களுக்கு முன், பொதுமுடக்கத்தில் வேலை இழந்தவர்கள் இந்த வலையில் சிக்கி, தெலங்கானாவில் தற்கொலைகள் நிகழ்ந்த பிறகே காவல்துறை கால் சென்டர்களுக்குள் நுழைந்தது.

சட்டபூர்வமான செயலிகளின் பின்னால் வங்கியோ, ரிசர்வ் வங்கியில் பதிவு பெற்ற நிதி நிறுவனமோ இருக்கும். அவற்றின் கொள்ளை இத்தனை அப்பட்டமாக இராது. ஆனால் அபராதங்கள் அங்கும் உண்டு. கணக்கில் பணமில்லாத நாளில் தவணைக்கான பிடித்த உத்தரவு வந்து திரும்பினால், தொழிலாளியின் வங்கியே அபராதம் விதிக்கிறது. அது 500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஜி.எஸ்.டி. சேர்த்து 590. ஒரே தவணைக்கு மூன்று முறை உத்தரவு அனுப்பப்பட்டால் 1,770 ரூபாய் போய்விடும். கடனில் ஒரு ரூபாய்கூடக் குறைந்திருக்காது. அதைக் கட்ட அடுத்த செயலியில் கடன் வாங்குகிறார்.

ஆகவே முதல் வேலை, ஊதியக் கணக்கைத் தொழிலாளியின் கட்டுப்பாட்டுக்குத் திரும்பக் கொண்டுவருவது. பலர் ஏ.டி.எம். அட்டையை முடக்கிவிட்டோ, செயலியை அழித்துவிட்டோ பிடித்தம் நின்றுவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். அது நிற்பதில்லை, ஏனெனில் பிடித்தத்துக்கு மூன்று தனித்தனி வழிகள் உள்ளன. அட்டை வழியாகத் தரப்பட்ட தொடர் அனுமதி ஒன்று, யு.பி.ஐ. ஆட்டோபே இன்னொன்று; வங்கிக் கணக்கையே நேரடியாகப் பிணைக்கும் 'நாச்' மேண்டேட் மூன்றாவது. அட்டையை முடக்கினால் முதல் வழி மட்டுமே அடைபடும். கடன் தவணைக்கு அதிகம் பயன்படுவதோ மூன்றாவது வழிதான்.

அட்டைக்கு ரிசர்வ் வங்கியின் விதி தெளிவாக இருக்கிறது. பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பு அறிவிப்பு வர வேண்டும். அந்த ஒரு பிடித்தத்தையோ முழு அனுமதியையோ விலக்கிக்கொள்ளும் வசதியை வங்கி தர வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. யு.பி.ஐ. அனுமதியை, எந்தச் செயலியில் கொடுத்தாரோ அதே செயலியின் ஆட்டோபே பகுதியில் ரத்து செய்யலாம். அங்கே வழி கிடைக்காவிட்டாலும், நாச் மேண்டேட்டாக இருந்தாலும், வங்கிக் கிளைக்கு எழுத்து மூலம் விண்ணப்பம் தர வேண்டும். மேண்டேட்டின் தனி எண்ணைக் குறிப்பிட்டு, நகலில் முத்திரையும் தேதியும் பெற்றுக்கொள்ளுங்கள். "கடன் கொடுத்தவரிடமே போய்க் கேளுங்கள்" என்று கவுன்ட்டரில் சொல்வார்கள். கணக்கு தொழிலாளியுடையது; ரத்து விண்ணப்பத்தைப் பெறுவது வங்கியின் பொறுப்பு. தனியாகப் போகும் தொழிலாளியைத் திருப்பி அனுப்பும் கிளை, சங்கத்துக்காரர் உடன் வந்தால் பெரும்பாலும் வாங்கிக்கொள்ளும்.

பிடித்தத்தை நிறுத்துவதால் கடன் தீர்ந்துவிடாது. "கட்டாதீர்கள், ஒன்றும் ஆகாது" என்று வாட்ஸ்அப்பில் பரவும் வீரவசனத்தைச் சங்க ஊழியர்கள் திருப்பிச் சொல்லக் கூடாது; அதன் விலையைத் தொழிலாளிதான் கொடுப்பார். 2007ஆம் ஆண்டின் பணப்பட்டுவாடா மற்றும் தீர்வு முறைகள் சட்டத்தின் 25ஆவது பிரிவு, கணக்கில் பணமின்றி மின்னணுப் பிடித்தம் திரும்புவதை, காசோலை திரும்புவதைப் போலவே தண்டனைக்குரியதாக்குகிறது. ஆனாலும் மறுநாள் காலையில் போலீஸ் வந்து கைது செய்யும் என்று தொலைபேசியில் மிரட்டுவது பொய். முதலில் எழுத்து மூலம் நோட்டீஸ் வர வேண்டும்; அதன் பிறகு பணம் கட்ட 15 நாள் அவகாசம் உண்டு. நோட்டீஸ் வந்தால் பெட்டியில் பூட்டி வைக்காமல் வழக்கறிஞரிடம் காட்ட வேண்டும்.

எனவே மேண்டேட்டை ரத்து செய்யும் அன்றே, கடன் கொடுத்த நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்குக் கடிதம் போக வேண்டும். கணக்கு விவரம் தாருங்கள், மாதம் இவ்வளவு கட்ட முடியும், தவணையை மாற்றியமையுங்கள் என்று அதில் இருக்க வேண்டும். கடனோடு தரப்படும் முக்கிய விவர அறிக்கையில் இல்லாத எந்தக் கட்டணத்தையும் வசூலிக்க முடியாது என்பது 2022 செப்டம்பர் முதல் விதி. பணத்தை நிறுவனத்தின் கணக்கில் மட்டுமே கட்ட வேண்டும், வசூல்காரரின் யு.பி.ஐ. எண்ணுக்கு அனுப்பவே கூடாது. 30 நாளில் பதிலோ தீர்வோ கிடைக்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். பதிவே இல்லாத செயலி என்றால் 1930 என்ற எண்ணிலும் ரிசர்வ் வங்கியின் சாசேத் தளத்திலும் புகார் செய்ய வேண்டும். புகாருக்கு முன் திரைப் பதிவுகளை எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பயத்தில் செயலியை அழித்துவிட்டு வருபவரின் கையில் சாட்சியம் எதுவும் இருப்பதில்லை.

காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் வசூலுக்காக அழைக்கக் கூடாது. உறவினர், நண்பர்கள் முன் அவமானப்படுத்தக் கூடாது. கைபேசியின் தொடர்பு எண்களை எடுக்கக் கூடாது. இவையெல்லாம் ரிசர்வ் வங்கியின் ஆணைகள். ஆனால் சூப்பர்வைசரை அழைத்து, "உங்கள் ஆள் திருடன்" என்று சொல்கிறவர்களைத் தடுக்க ஆணை மட்டும் போதவில்லை. இந்த அவமானத்துக்கு அஞ்சியே பலர் வேலையை விட்டு ஓடுகிறார்கள். கடன் காரணமாக எவரையும் வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்று நிர்வாகத்திடம் சங்கம் முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது வட்டியின் மீதான கட்டுப்பாடு. தமிழ்நாட்டில் 2003 முதல் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. கேரளத்திலும் குஜராத்திலும் வட்டித் தொழிலுக்கான சட்டங்கள் உள்ளன. ஆனால் கேரள, குஜராத் சட்டங்கள் ரிசர்வ் வங்கியில் பதிவு பெற்ற நிதி நிறுவனங்களைக் கட்டுப்படுத்தாது என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவற்றை முறைப்படுத்துவது ரிசர்வ் வங்கியின் வேலை என்பது அதன் காரணம். அந்த ரிசர்வ் வங்கியோ அதே ஆண்டு மார்ச்சில் நுண்கடன் வட்டிக்கு இருந்த கட்டுப்பாட்டையே எடுத்துவிட்டு, நிறுவனங்களின் இயக்குநர் குழுக்களே கொள்கை வகுத்துக்கொள்ளட்டும் என்றது. தெருமுனையில் பத்து வட்டிக்குக் கொடுப்பவர் மீது மாநிலச் சட்டம் பாயும். அதைவிட அதிகம் கறக்கும் நிதி மூலதனத்தை அது தொட முடியாது. 2025இல் கர்நாடகமும் தமிழ்நாடும் கட்டாய வசூலுக்கு எதிராகச் சட்டம் இயற்றியது வரவேற்கத்தக்கது. எனினும் அவை மிரட்டலைத்தான் தண்டிக்கின்றன, நிதி நிறுவனங்களின் வட்டி அப்படியே இருக்கிறது.

கட்டணங்கள் அனைத்தையும் உள்ளடக்கிய வட்டிக்கு ஒன்றிய அரசு சட்டபூர்வ உச்சவரம்பு விதிக்க வேண்டும் என்ற கோரிக்கையை ஒவ்வொரு கிளையும் எடுத்துச் செல்ல வேண்டும். கூடவே, ஊதியம் 7ஆம் தேதிக்குள் பட்டுவாடா ஆகிறதா என்று ஒவ்வொரு ஒப்பந்ததாரரிடமும் கணக்குக் கேளுங்கள். அந்த விதி 1936இல் இருந்தே சட்டத்தில் இருக்கிறது. 20ஆம் தேதி கூலி தரும் ஒப்பந்ததாரரே இந்தச் செயலிகளுக்கு ஆள் பிடித்துத் தருகிறார். வரும் மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் சங்க அலுவலகத்தில் இரண்டு தோழர்கள் அமர்ந்து, மேண்டேட் ரத்து விண்ணப்பங்களையும் குறைதீர்ப்புக் கடிதங்களையும் எழுதித் தருவது என்று இந்த வகுப்பே முடிவு செய்யலாம். விண்ணப்ப மாதிரிகள் மேசையில் இருக்கின்றன.