உடுத்தியதும் உரித்ததும்



பழைய போட்டோக்களில் பெண்களின் உடுப்பு பற்றிப் பேசச் சொன்னாங்க. பாவாடை அகலத்தையும் தொப்பி நாடாவையும் பத்தி எழுதினவங்க நிறைய. நான் கேக்கிறது ஒண்ணுதான்: அந்த உடுப்பை முடிவு பண்ணினது யாரு?

1850. அமெரிக்காவில் தென் கரோலினா. கறுப்பர்கள் வேறு இனம், தாழ்ந்த இனம் என்று நிரூபிக்கக் கிளம்பிய ஹார்வர்ட் பேராசிரியர் லூயி அகாசிஸுக்காக அடிமைகளைப் படம் பிடித்தார்கள். அதில் டெலியா, டிரானா என்று இரண்டு பெண்கள். மார்பு திறந்து கிடக்கிறது. உத்துப் பாருங்க, இடுப்புல துணி சுருண்டு கிடக்குது. அவங்க உடுப்பில்லாதவங்க இல்ல. உடுத்தியிருந்தவங்களை உரிச்சிருக்காங்க. அந்தத் துணிதான் சாட்சி.

இப்போ இன்னொரு படம். சோஜர்னர் ட்ரூத். நியூயார்க் மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தவர். சுமார் ஒன்பது வயதில் ஆட்டுமந்தையோடு சேர்த்து 100 டாலருக்கு விற்கப்பட்டவர். 1826-இல் கைக்குழந்தையோடு வெளியேறினார். எழுதப் படிக்கத் தெரியாது. 1860-களில் ஸ்டுடியோவில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார். வெள்ளைத் தொப்பி, தோளில் வெள்ளைச் சால்வை, மூக்குக்கண்ணாடி, கையில் பின்னல் நூல். அந்த அட்டைப் படங்களை விற்ற காசில் வாழ்ந்தார். உடம்பைக் காக்க நிழலை விற்பதாக அடியில் அச்சிட்டார். 1864-இல் பதிப்புரிமையையும் தன் பேரிலேயே பதிந்தார். விலைக்கு விற்கப்பட்ட பொம்பளை, தன் படத்துக்குத் தானே விலை வெச்சா!

'இது வெள்ளைக்காரி வேஷம்தானே?' என்று கேட்பார்கள். நம்மைப் பார்த்தும் கேட்டவர்கள்தான். 1927 டிசம்பரில் மகாடில் அம்பேத்கர் நம் பெண்களிடம், சாதியைக் காட்டிக்கொடுக்கிற மாதிரி சேலை கட்டாதீங்க என்றார். அது வேஷம் கட்டச் சொன்னதல்ல, அடையாளச் சூட்டை அழிக்கச் சொன்னது.

டெலியாவின் படம் 1976-இல் ஹார்வர்ட் அருங்காட்சியகப் பரணில் கிடைத்தது. நாங்க அந்த வம்சம் என்று ஒரு பெண் 2019-இல் வழக்குப் போட்டார். 2025-இல்தான் ஹார்வர்ட் அதைக் கைவிட ஒத்துக்கொண்டது.

எங்க பாட்டிக்குப் போட்டோவே கிடையாது. ரவிக்கை போட்டு ஊர்த்தெருவில் நடக்க முடியாத காலம் அது. அம்மாதான் நடவுக்கூலியில் ரவிக்கை தைச்சுப் போட்டுக்கிட்டு, டவுன் ஸ்டுடியோவுல போய் நின்னா. படத்துல சிரிக்கவே இல்ல. முந்தானையை மட்டும் கெட்டியாப் புடிச்சிருக்கா.

பழைய போட்டோ கெடச்சா முகத்தோட துணியையும் பாருங்க. உடுத்தினது யாரு, உரிச்சது யாருன்னு கேளுங்க.