வேர்க்கொம்புக் குடிநீரும் நாங்களும்



விடுதியில் மாதவிடாய் வயிற்றுக்குத்து வந்தால் எங்களுக்குக் கிடைத்தது வேர்க்கொம்புக் குடிநீர்தான். அது வெறும் ஆறுதல் இல்லை. இஞ்சி அந்த நோவைக் குறைக்கும் என்று ஆய்வுகளும் சொல்கின்றன. மருத்துவம் படித்த பிறகும் நாங்கள் அதைக் கைவிடவில்லை.

கைவிட்டது, சோறு தின்ற கையோடு பிளேன்ரீ குடிப்பதை. தேயிலை, கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடலில் சேரவிடாது. ஒரு மணித்தியாலம் பொறுங்கள். கீரைக்குத் தேசிப்புளி விடுங்கள். அது இரும்பைச் சேர்க்கும். (அம்மம்மா ருசிக்கு விட்டா என்றல்லவா நினைத்திருந்தோம்!)

ஆனால் மாதவிடாய் நின்று ஒரு வருடத்துக்குப் பிறகு ஒரு துளி இரத்தம் பட்டாலும் குடிநீர் வைத்துப் பார்க்க வேண்டாம். அது கருப்பைப் புற்றுநோயாகவும் இருக்கலாம். எங்கள் பெரியம்மா ஒருவர் வெட்கத்தில் ஆறு மாதம் கொத்தமல்லி அவித்துக் குடித்தார். எங்களிடம் வந்தபோது நோய் கருப்பையைத் தாண்டியிருந்தது. அந்தக் கிழமையே வாருங்கள். குடிநீரைப் பிறகு சேர்ந்து குடிப்போம்.