அரசு போட்ட சாலையும் ஆலை வாயிலும்

 

வெள்ளி விழாக் காணும் நம் சங்கத்தின் மேடையில், தொழில் வளர்ச்சியில் நம் பங்கு யாது என்பது பற்றிச் சில சொல்ல விழைகின்றோம்.

ஓசூர்ப் பகுதி ஒரு காலத்தில் கேழ்வரகும் கொள்ளும் விளைந்த, வானம் பார்த்த பூமி. 1971இல் தமிழக அரசு சிப்காட் நிறுவனத்தைத் தோற்றுவித்தது. அந்நிறுவனம் இங்கு நிலம் எடுத்தது, சாலை போட்டது, நீருக்கும் மின்சாரத்திற்கும் வழி செய்தது, பின்னரே தொழிலதிபர்களை அழைத்தது. பெங்களூர் 40 கிலோமீட்டர் தொலைவிலேயே இருந்தமையும் துணை நின்றது. 1980ஐ ஒட்டி அசோக் லேலண்டும் டி.வி.எஸ். நிறுவனமும் வந்தன. அதே பத்தாண்டில் டைட்டன் கடிகார ஆலை எழுந்தது. இன்று சூளகிரி, கூத்தனப்பள்ளி, போச்சம்பள்ளி வரை ஆலைகள் பரவியுள்ளன.

இனி விமான நிலையம் பற்றிய பேச்சு. 2024 ஜூன் 27 அன்று சட்டமன்றத்தில், ஓசூரில் 2,000 ஏக்கரில், ஆண்டிற்கு 3 கோடிப் பயணிகளைக் கையாளும் பன்னாட்டு விமான நிலையம் அமைக்கப்படும் என முதலமைச்சராக மு.க. ஸ்டாலின் அவர்கள் அறிவித்தார்கள். 2008இல் திறக்கப்பட்ட பெங்களூர் விமான நிலையத்தின் ஒப்பந்தமோ, 25 ஆண்டுகளுக்கு 150 கிலோமீட்டருக்குள் வேறொரு புதிய நிலையம் எழுவதைக் கட்டுப்படுத்துகிறது. ஆகவே நமக்குச் சிறிது அவகாசம் உண்டு. அதை வீணாக்கலாகாது.

இவற்றிற்கெல்லாம் செலவாகும் பணம் யாருடையது? தீப்பெட்டி வாங்கும் கூலித் தொழிலாளியும் வரி செலுத்துகிறான். எனவே அது நம்முடைய பணமுமாகும். 2011 கணக்கெடுப்பின்படி தமிழக மக்களில் ஐவரில் ஒருவர் ஆதிதிராவிடர். ஆனால் அரசியலமைப்பின் 16(4)ஆம் பிரிவு அரசுப் பணிகளுக்கே பொருந்தும்; தனியார் ஆலையைக் கட்டுப்படுத்தாது. அரசு போட்ட சாலை ஆலை வாயில் வரை செல்கிறது. அரசு தந்த இடஒதுக்கீடோ அவ்வாயிலுக்கு வெளியிலேயே நின்றுவிடுகிறது. எம் மாணவர் பலர் ஒப்பந்தக் கூலிகளாகவே உள்ளே செல்வதை நாம் காண்கின்றோம்.

அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாக சபையில் தொழிலாளர் உறுப்பினராயிருந்தபோது, நீர்த்தேக்கமும் மின்சாரமும் பொதுமுயற்சியால் வளர வேண்டும், அதன் பயன் ஏழையைச் சேர வேண்டும் என்ற நோக்குடன் உழைத்தார். அந்நோக்கு இன்றும் நமக்கு வழிகாட்டி.

நாம் செய்ய வேண்டியவை யாவை? முதலாவது, நிலம். நம் முன்னோர்க்கு வழங்கப்பட்ட பஞ்சமி நிலங்களுக்கு 1892ஆம் ஆண்டு ஆணையே அடிப்படை. நிலமெடுப்பு அறிவிப்பு வரும் முன்னரே பட்டா, சிட்டா, வாரிசுப் பெயர் மாற்றம் ஆகியவற்றைச் சரிபார்த்திடுக. தாத்தா பெயரிலுள்ள பட்டாவை வைத்துக்கொண்டு பேரன் இழப்பீடு பெறுவது எளிதன்று.

இரண்டாவது, கைத்தொழில். தமிழக அரசு 71 அரசினர் தொழிற்பயிற்சி நிலையங்களைப் புதிய இயந்திரங்களுடன் மேம்படுத்தியது. ஆண்பிள்ளைகள் மட்டுமன்றிப் பெண்பிள்ளைகளும் பொருத்துநர், மின்பணியாளர், கடைசலர் பயிற்சி பெறுதல் வேண்டும். பயிற்சி பெற்றவனுக்கே நிரந்தர வேலை கேட்கும் துணிவு வரும்.

மூன்றாவது, சொந்தத் தொழில். 2023இல் தொடங்கப்பெற்ற அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் முதலீட்டில் 35 விழுக்காடு மானியம் அளிக்க வகை செய்தது. பேராலைகளுக்கு உதிரிப் பாகம் செய்து தரும் சிறு பட்டறைக்கு நம் இளைஞரும் உரிமையாளராகலாம்.

நான்காவது, கோரிக்கை. பொதுப்பணத்தால் வசதி பெறும் ஆலை, உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு இத்தனை இடம் தரவேண்டும். ஆலைக்குச் செல்லும் குடிநீர்க் குழாய் நம் குடியிருப்பிற்கும் வரவேண்டும் எனக் கிராம சபையில் தீர்மானமாக எழுதி வைப்போம். வெள்ளம் வருமுன் அணை கோல வேண்டும். வேலியும் வாயிலும் எழுந்த பின்னர் நிபந்தனை பேசுவதில் பயனில்லை.

நாம் கேட்பது கருணையன்று, நம் பங்கு. அப்பங்கைப் பெறுதற்குரிய தகுதியைக் கல்வி தரும். வலிமையை ஒற்றுமை தரும். இச்சங்கம் தன் பொன்விழாக் காணும் நாளில், அவ்வாலைகளின் பொறியாளராக, மேற்பார்வையாளராக, பட்டறை உரிமையாளராக நம் பிள்ளைகள் இம்மேடையில் அமர வேண்டும் என வாழ்த்தி அமைகின்றோம்.