கணக்கு எழுதிய கை
(கியா பார்ம் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



அண்மையில் படித்த புத்தகங்களைப் பற்றி நாலு வார்த்தை பேசும்படி பணித்தார்கள். நாங்கள் பண்டிதர்கள் அல்லர். தமிழ்ப் பள்ளியில் படித்துவிட்டு ஆபீசில் செக்ரோல் எழுதுகிற கிராணிமார். 5,000 அடிக்கு மேலே, இந்தக் குளிரில், இரவு வேளையில் ஒருவர் வீட்டில் கூடுவோம். ஒருவர் உரக்கப் படிப்பார். மற்றவர்கள் தேநீரும் கையுமாகக் கேட்போம். அப்படிப் படித்தவற்றில் இரண்டைப் பற்றி மட்டும் சொல்லுகிறோம்.

முதலாவது 'எரியும் பனிக்காடு'. டாக்டர் பி. எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி 1969-இல் வெளிவந்த நாவல். இரா. முருகவேள் தமிழாக்கி 2007-இல் வந்தது. டேனியல் வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்தவர். தொழிற்சங்கப் பணியும் ஆற்றியவர். ஆகவே கேள்விப்பட்டு எழுதிய கதை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. திருநெல்வேலிச் சீமையில் கஞ்சிக்கு வழியில்லாத கருப்பனும் வள்ளியும் மேஸ்திரியின் இனிய பேச்சை நம்பி, முன்பணம் வாங்கிக்கொண்டு ஆனைமலை ஏறுகிறார்கள். பிறகு நடப்பதை நாங்கள் சொல்ல வேண்டுமா? மழை, அட்டை, அடி, உதை, கூட்டம் கூட்டமாக ஆளைக் கொண்டுபோன மலைக் காய்ச்சல். 2013-இல் வந்த 'பரதேசி' படம் இதிலிருந்து பிறந்ததுதான். படத்தைப் பார்த்து அழுதுவிட்டு எழுந்து வந்துவிடலாம். புத்தகத்தை அப்படி மூடிவைக்க முடியவில்லை.

துரையின் கொடுமையைப் படித்தபோது எங்களுக்குக் கோபம் வந்தது. மேஸ்திரியின் சூழ்ச்சியைப் படித்தபோதும் வந்தது. ஆனால் முன்பணக் கணக்குப் பகுதி வந்ததும் படித்துக்கொண்டிருந்த நண்பர் குரல் தணிந்துவிட்டது. பாடுபட்டவன் கணக்குத் தீர்க்கும் நாளில் கைநீட்டி நிற்கிறான். அரிசிக்கு, கம்பளிக்கு என்று கழித்ததுபோக அவன் கடன்காரனாகவே நிற்கிறான். அந்தக் கழிவை எழுதியது யார் கை? துரை பேனா பிடித்துக் கூட்டிக் கழித்திருக்கமாட்டார். நம்மைப் போன்ற ஒரு கிராணிதான் எழுதியிருப்பான் என்று எங்களில் மூத்தவர் சொன்னார். அன்றிரவு மேற்கொண்டு படிக்கவில்லை.

இரண்டாவது, நம் நாட்டு எழுத்தாளர் ஆர். சண்முகம் எழுதிய 'சயாம் மரண ரயில்'. பால்மரம் வெட்டும் தோழர்களின் பாட்டனார் கதை இது. 1942, 1943-ஆம் ஆண்டுகளில் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் இரயில் பாதை போட ஜப்பானியர் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து ஆயிரமாயிரமாகத் தமிழரை ஏற்றிச் சென்றார்கள். வெள்ளைக்காரப் போர்க்கைதிகள் சுமார் 12,000 பேர் மாண்டார்கள். அவர்களுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசை வரிசையாக உள்ளன. மாண்ட ஆசியத் தொழிலாளரோ 90,000 பேர் வரை இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். மதிப்புத்தான்; பட்டியல் இல்லை. முதல் புத்தகத்தில் ஆள் வாங்கிய கடன் காசு சுத்தமாக எழுதப்பட்டது. இங்கே ஆள் செத்ததையே யாரும் ஒழுங்காக எழுதிவைக்கவில்லை. செக்ரோல் எழுதுகிற எங்களுக்கு இது உறைத்தது போல வேறொன்றும் உறைக்கவில்லை.

இப்போது ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எந்தத் தோட்டம் என்று கேளாதீர்கள். இன்று இந்த மலைகளில் கொழுந்து வெட்டுகிறவர்களில் வங்காளதேசத்தாரும் நேப்பாளிகளும் நிறையப் பேர். கடன் வாங்கி ஏஜெண்டுக்குக் கட்டிவிட்டு வந்தவர்கள் அவர்களில் உண்டு. அப்படி வந்த ஒரு தம்பி சம்பளச் சீட்டை நீட்டி, "பாங், இனி பொத்தோங் அப்பா?" என்று கேட்டான். வரிசை நீளமாக இருந்தது. எங்களில் ஒருவர் தலை நிமிராமலே, "நந்தி, நந்தி" என்றார். மலாயில் நந்தி என்றால் பிறகு. திருப்புன்கூரில் நந்தனாரை மறைத்ததும் ஒரு நந்திதானே! அந்தத் தம்பி மறுபடி வந்து கேட்கவே இல்லை.

புத்தகம் படித்த மறு வாரம் அந்தப் பழைய சீட்டைத் தேடி எடுத்தோம். ஒரே பிடித்தம் இரண்டு முறை விழுந்திருந்தது. திருத்தி, பணத்தைக் கொடுக்கச் செய்தோம். வாங்கிக்கொண்டவன் நன்றி சொன்னான்; அதைக் கேட்க எங்களுக்கு வெட்கமாக இருந்தது.

1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் எந்தெந்தப் பிடித்தம் செல்லும் என்று வகுத்திருக்கிறது. பொதுவாக மொத்தப் பிடித்தம் மாதச் சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. சீட்டில் புரியாத வரி இருந்தால் கொண்டுவாருங்கள். அண்ணன்மாரும் அக்காமாரும் பக்கத்து லயத்து வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். வரிசை நீண்டாலும் நீளட்டும்.

இரண்டு புத்தகங்களும் எங்களிடம் இருக்கின்றன. வேண்டியவர்கள் பெயர் எழுதிவிட்டு எடுத்துப் போகலாம். இங்கே மழைக்கு நேரங்காலம் கிடையாது. பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு போங்கள்.