வளைந்த பாதையும் பாதைதான்

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய சிறப்புரை)

 

பிள்ளைகளைப் பார்த்து, "பெரியவனானதும் என்ன ஆகப் போறே?" என்று கேட்பது நம் வழக்கம். டாக்டர், வக்கீல், ஆசிரியர் என்று சொன்னால் கை தட்டுகிறோம். ஒரு பிள்ளை எழுந்து, "நான் எழுத்தாளர் ஆகப் போறேன்" என்று சொன்னால்? பெற்றவர் மனம் துணுக்கென்கிறது. "எழுதினா சோறு கிடைக்குமா?" என்று கேட்கிறோம். அது நியாயமான கேள்வி. பசி தெரிந்தவர்கள் கேட்கும் கேள்வி. அதைக் கேலி செய்ய நான் வரவில்லை. அந்தக் கேள்விக்கு விடையாக ஒரு மனிதரின் வாழ்க்கையைச் சொல்கிறேன்.

அவர் பெயர் ப. சிங்காரம். தமிழ்நாட்டில் சிங்கம்புணரி என்ற ஊரில் 1920-இல் பிறந்தவர். 1938-இல், பதினெட்டு வயதில், கப்பலேறிச் சுமத்திராத் தீவிலுள்ள மெடான் நகருக்குப் போனார். மெடான் நமக்குத் தூரமில்லை. பினாங்கிலிருந்து கடலைத் தாண்டினால் எதிர்க்கரைதான். கதை எழுதவா போனார்? இல்லை. கடையில் வேலை பார்த்து நாலு காசு சம்பாதிக்கப் போனார். நம் தாத்தாமார் எதற்காக இந்த மண்ணுக்கு வந்தார்களோ, அதற்காகத்தான்.

கடைவேலை பார்த்தார். பிறகு அங்கே அரசாங்க மராமத்து இலாகாவிலும் வேலை பார்த்தார். 1942-இல் ஜப்பான்காரன் மெடானுக்குள் நுழைந்தான். ஊர் தலைகீழானது. பணம் செல்லாக்காசானது. சிலர் பட்டாளத்தில் சேர்ந்தார்கள், சிலர் கடத்தல் செய்தார்கள், பலர் பட்டினி கிடந்தார்கள். இத்தனையும் அவர் கண்ணெதிரே நடந்தது. போர் முடிந்த மறு ஆண்டு, 1946-இல், ஊர் திரும்பினார். பெட்டி நிறையப் பொன்னோடு வந்தவரல்லர். பிறகு மதுரையில் தினத்தந்தி நாளிதழில் வேலைக்குச் சேர்ந்தார். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அங்கேயே உழைத்தார்.

கடைப்பையன், இலாகாச் சிப்பந்தி, பத்திரிகை ஊழியர். இதைப் பார்க்கிற நம்மவர், "ஒரு வேலையிலும் நிலைக்காம அலைஞ்சு, எட்டு வருஷத்தை வீணாக்கிட்டான் பாவம்" என்றுதான் சொல்வார்கள்.

ஆனால், அந்த எட்டு ஆண்டும் அவருக்குள்ளே கிடந்தது. 1950-இல் 'கடலுக்கு அப்பால்' என்ற நாவலை எழுதினார். அடுத்து, 1962-இல் 'புயலிலே ஒரு தோணி' எழுதினார். அந்த நாவலைத் திறந்தால் மெடான் தெருக்கள் வருகின்றன. பினாங்கின் கடைகள் வருகின்றன. தொங்கானில் ஏறிக் கடலைக் கடப்பவர்களைப் புயல் புரட்டி எடுக்கிறது. இந்திய தேசிய ராணுவத்தின் முகாம் வருகிறது. கடைக்காரர் பேச்சு, மாலுமி பேச்சு, மலாய்ச் சொல், சீனச் சொல் எல்லாம் அப்படியே கேட்கின்றன. கடையில் நின்று நாலு பேர் பேசுவதைக் கேட்ட காது அது. வீணாய்ப் போனதாக நாம் நினைக்கும் அந்த ஆண்டுகள்தான் அவருக்குச் சரக்கு!

ஆகவே, மாணவச் செல்வங்களே, இன்று மேடைக்கு வந்து பரிசு வாங்குகிறவர்களுக்கு என் பாராட்டு. வாங்காமல் கீழே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. நாளை நீங்கள் ஆலைக்குப் போகலாம், லாரி ஓட்டலாம், கடையில் நிற்கலாம். எந்த வேலையிலும் கண்ணையும் காதையும் திறந்து வையுங்கள். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, அன்றன்று பார்த்ததை நாலு வரி எழுதி வையுங்கள். அப்பா அம்மா செய்யும் வேலையைச் சொல்ல வெட்கப்படாதீர்கள். மங்கு, உளி, நிரை, பெரட்டு, தண்டல் என்று உங்கள் தாத்தா பேசிய சொற்களுக்குப் பின்னால் ஒரு பெரிய வாழ்க்கை இருக்கிறது. பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது; பல தோட்டங்கள் இருந்த இடத்தில் இன்று வீடுகள் நிற்கின்றன. அந்தச் சொற்களை யார் எழுதி வைப்பது?

பெற்றோர்களே, உங்கள் கேள்விக்கு வருகிறேன். சோறு? சிங்காரத்துக்குச் சோறு போட்டது பத்திரிகைச் சம்பளம். வேலையை அவர் விடவில்லை, எழுத்தையும் விடவில்லை. சோற்றுக்கு ஒரு வேலை, எழுத்துக்கு ஒரு நோட்டு. ஆகையால் பிள்ளை எழுதினால் குடும்பம் கெட்டுவிடும் என்று பயப்படாதீர்கள். தொழிலும் கற்கட்டும், எழுதவும் எழுதட்டும்.

இனி நான் சொல்வது கொஞ்சம் கசப்பானது. முதல் நாவல் அச்சேற 1959 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இரண்டாவது நாவல் பத்து ஆண்டுகள் கிடந்து 1972-இல்தான் வெளிவந்தது. வந்தபோதும் பேசுவாரில்லை. தமிழின் மிகச் சிறந்த நாவல்களில் ஒன்று என்று அதை இன்று கொண்டாடுகிறார்கள். ஆனால், அதன் பிறகு அவர் 1997 வரை, இருபத்தைந்து ஆண்டுகள் வாழ்ந்தார். மூன்றாவது நாவல் வரவே இல்லை. மதுரையில் ஒய்.எம்.சி.ஏ. விடுதி அறையில் தனியாளாகவே காலத்தைக் கழித்தார். கடைவேலை அவர் எழுத்தைக் கெடுக்கவில்லை. போர் கெடுக்கவில்லை. எழுதியதைப் படித்து, "நல்லாயிருக்கு", "இந்த இடம் சரியில்லை" என்று சொல்ல ஆளில்லாத இடத்தில் யாருக்குத்தான் மேலும் எழுத மனம் வரும்?

நம் கதையையும் எண்ணிப் பாருங்கள். 1942, 1943-ஆம் ஆண்டுகளில் சயாம் மரண ரயில் பாதை போட நம் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழரைக் கொண்டு போனார்கள். எத்தனையோ பேர் திரும்பவில்லை. திரும்பியவர்கள் லயத்து வாசலில் உட்கார்ந்து சொல்லிச் சொல்லியே மறைந்தார்கள். நம் நாட்டில் ஆசிரியராய் இருந்த அ. ரெங்கசாமி அந்தத் துயரத்தை 'நினைவுச்சின்னம்' என்ற நாவலாக 2005-இல் கொண்டுவந்தார். அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது! அதை நம்மில் எத்தனை வீட்டில் படித்திருக்கிறோம்?

ஆகவே, உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்கள் பிள்ளை ஒரு கட்டுரை எழுதிக்கொண்டு வந்தால், கை வேலையைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு, "வாசி, கேக்குறேன்" என்று சொல்லுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் காதால் கேட்கலாம். ஆசிரியர்களே, வகுப்புக்கு ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்துங்கள். இந்த மலரில் எழுதியிருக்கும் பிள்ளைகளின் பக்கங்களை, படம் பார்த்துவிட்டு மூடி வைக்காமல், ஒருமுறை முழுதாகப் படியுங்கள். படித்துவிட்டு அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

எந்தப் பிள்ளை எந்த வழியாகச் சுற்றி எங்கே போய்ச் சேரும் என்று இன்று யாருக்கும் தெரியாது. போய்ச் சேருகிற இடத்தில் அதன் எழுத்தைப் படிக்க நாம் இருக்க வேண்டும்.