நாடி இல்லை என்றால் உயிர் இல்லையா?

ஷாக் அடித்து விழுந்தவரின் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, நாடி இல்லை, எல்லாம் முடிந்தது என்று சொல்லிவிடுகிறோம். பல சமயம் அது அவசர முடிவு. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். ஈர உடம்பின் மின்தடை சுமார் 1000 ஓம் என்றால், உடம்பில் பாய்வது 230 மில்லி ஆம்பியர். 10 மில்லி ஆம்பியர் அளவிலேயே தசை இறுகி, பிடித்த கம்பியை விட முடியாமல் போகலாம். 100 மில்லி ஆம்பியர் ஓரிரு விநாடி மார்பைக் கடந்தால் இதயம் தாளம் தப்பக்கூடும். தாளம் தப்புவது வேறு, நின்றுபோவது வேறு. தாளம் தப்பும்போது இதயத்தின் கீழறைத் தசையிழைகள் ஒன்றுகூடிச் சுருங்காமல் தனித்தனியே துடிக்கின்றன. ஆளுக்கொரு பக்கம் வடத்தை இழுத்தால் தேர் நகருமா? அப்படித்தான் ரத்தமும் நகர்வதில்லை. நாடி தெரியாததற்கு அதுதான் காரணம். தசை இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.

இது வெறும் நம்பிக்கைப் பேச்சு அல்ல. 1899-இல் ஜெனீவாவில் பிரிவோ, பட்டெல்லி என்ற இரு ஆய்வாளர்கள், சிறிய மின்னோட்டத்தால் தாறுமாறாகத் துடித்த நாயின் இதயத்தைப் பெரிய மின்னதிர்ச்சி மீண்டும் ஒழுங்குக்குக் கொண்டுவருவதைக் கண்டார்கள். 1947-இல் கிளீவ்லாந்தில் அறுவை மருத்துவர் கிளாட் பெக், 14 வயதுச் சிறுவனின் இதயத்தில் நேரடியாக மின்னதிர்ச்சி கொடுத்துப் பிழைக்க வைத்தார். மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவி வந்து சேரும் வரை என்ன செய்வது? அதற்கு வழி காட்டியது ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வுக்கூடம். அங்கே மின்பொறியாளர் கௌவென்ஹோவனோடு வேலை செய்த நிக்கர்பாக்கர், நாயின் மார்பில் மின்தகட்டை அழுத்தும்போதெல்லாம் ரத்த அழுத்தம் ஏறுவதைக் கவனித்தார். கருவியிலிருந்து மின்சாரம் பாயும் முன்பே, வெறும் கை அழுத்தமே ரத்தத்தைத் தள்ளியிருக்கிறது! இருவரும் மருத்துவர் ஜூடும் 1960-இல் வெளியிட்ட கட்டுரையில், இப்படி மார்பை அழுத்திச் சிகிச்சை பெற்ற 20 பேரில் 14 பேர் பிழைத்ததாகச் சொன்னார்கள்.

பழக்கமில்லாதவர் அழுத்தினால் விலா எலும்பு முறியாதா என்று கேட்பீர்கள். முறியலாம். முறிந்த எலும்பு கூடிவிடும். ரத்தம் போகாத மூளை நான்கைந்து நிமிடத்திலேயே கெடத் தொடங்கிவிடும். 108 ஆம்புலன்ஸ்தான் வருகிறதே என்றால், அழுத்தாமல் காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடத்திலும் பிழைக்கும் வாய்ப்பு பத்தில் ஒரு பங்குவரை குறைகிறது. சிலர் செய்வதுபோல் உள்ளங்காலைத் தேய்ப்பதால் மூளைக்கு ரத்தம் போகாது. தொட்டால் நமக்கும் ஷாக் அடிக்குமே என்ற பயம் நியாயமானது, ஆனால் மின்தொடர்பு இருக்கும் வரைதான். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டால் விழுந்தவர் உடம்பில் மின்சாரம் தங்கியிருக்காது. அறுந்து விழுந்த உயரழுத்தக் கம்பி என்றால் மட்டும், மின்வாரியத்தார் மின்சாரத்தை நிறுத்தும் வரை கிட்டே போகவே கூடாது.

ஆகவே நேயர்களே, முதலில் மின்சாரத்தை நிறுத்துங்கள். ஒருவரை 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள். விழுந்தவர் அசைவில்லாமல், மூச்சில்லாமல் கிடந்தால் மல்லாக்கப் படுக்க வைத்து, நடுமார்பில் ஒரு கைமேல் இன்னொரு கையை வைத்து, ஐந்து சென்டிமீட்டர் ஆழம் இறங்கும்படி நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். கை ஓய்ந்தால் பக்கத்தில் நிற்பவர் தொடரட்டும். மருத்துவ உதவி வந்து சேரும் வரை நிறுத்தாதீர்கள்.